கொடைக்கானல் வானாய்வு நிலையமும் ஒரு கழகத்தின் காகிதப் பணியும்

கொடைக்கானல் மலையிலுள்ள சூரிய ஆய்வு நிலையத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயரிடமிருந்தே தொடங்குகின்றனர். சூரியப் புள்ளிகளில் வளிமம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பரவிச் செல்கின்றது என்பதை அவர் 1909-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் அங்கே கண்டறிந்தார். அந்நிகழ்வு இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. ஆயினும் கண்டுபிடிப்புக்கு முன்னர் ஒரு கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு முன்னர் ஓர் அரசாணை வேண்டும். அரசாணைக்கு முன்னர் ஒரு குழு கூடித் தீர்மானம் எழுதியிருத்தல் வேண்டும். கொடைக்கானலைப் பொறுத்தவரை அத்தீர்மானம் 1893-ஆம் ஆண்டு சூலை 20-ஆம் நாள் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பழனிமலையைச் சார்ந்தவர்களல்லர், சென்னையைச் சார்ந்தவர்களுமல்லர். இந்திய வானாய்வு நிலையங்களைக் குறித்து இந்திய மந்திரிக்கு ஆலோசனை கூறும்பொருட்டு இங்கிலாந்தில் அமைந்த குழுவினர் அவர்கள். அன்று தலைமை வகித்த கெல்வின் பிரபு, அப்பொழுது இராயல் சொசைட்டி எனப்படும் இலண்டன் அரசுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

இக்கழகத்தின் அலுவல்முறை எத்தகையது என்பதைச் சற்று அறிந்துகொள்ளாமல் கொடைக்கானலின் கதையை நாம் விளங்கிக்கொள்ள இயலாது. 1660-ஆம் ஆண்டு தோன்றிய கழகம் அது. தொடக்கத்தில் அறிவியலை நேசித்த பிரபுக்களும் செல்வர்களும் மிகுந்திருந்த அவையாக விளங்கி, 1847-இல் தன் விதிகளைத் திருத்திக்கொண்டது. அதன்பின் உறுப்பினராக விரும்புபவருக்கு ஏற்கெனவே உறுப்பினராயுள்ள அறுவரேனும் கையொப்பமிட்ட சான்றுத்தாள் வேண்டும். ஆண்டுக்குப் பதினைவர் மட்டுமே சேர்க்கப்படுவர். நிர்வாகத்தை இருபத்தொருவர் அடங்கிய மன்றம் நடத்தியது. பொருளர் ஒருவர், செயலர் இருவர், அயல்நாட்டுச் செயலர் ஒருவர் என்று பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. கட்டுரை வாசிப்புக் கூட்டங்கள் வியாழக்கிழமைகளில் நடைபெற்றன. ஆண்டுப் பேரவை நவம்பர் 30-ஆம் நாள், அதாவது பரிசுத்த அந்திரேயாவின் திருநாளன்று கூடிற்று.

ஸ்டோக்ஸ் என்னும் கணித அறிஞர் 1854 முதல் 1885 வரை முப்பத்தோராண்டுகள் செயலராக இருந்து, வந்த கட்டுரைகளைத் தக்கார் ஆய்வுக்கு அனுப்பியும், அவர்தம் கருத்துகளை வாங்கியும், மறுப்புக் கடிதங்களுக்கு விடை எழுதியும் காலம் கழித்தார். அவருடைய சொந்த ஆராய்ச்சி இதனால் குன்றியதென்று நண்பர்கள் வருந்தினர். திருச்சபையின் பேரவைகளிலும் நிதிக்குழுக்களிலும் பல்லாண்டு அமர்ந்து பழகிய நம்மவர்க்கு இவ்வருத்தம் புதிதன்று.

மற்றொன்றும் ஈண்டு கருதத்தக்கது. 1850 முதல் பிரிட்டிஷ் அரசு ஆராய்ச்சிகளுக்கென்று ஆண்டுதோறும் 1,000 பவுன் இக்கழகத்தின் வழியாகப் பங்கிட்டு வந்தது. 1880-களில் அத்தொகை 4,000 பவுனாயிற்று. அரசு கேட்டபோதெல்லாம் கழகம் ஊதியமின்றி ஆலோசனை கூறிற்று. இவ்வாறு, மக்களால் தேர்ந்தெடுக்கப்படாததும் அரசின் துறையல்லாததுமாகிய ஓரவை, ஓர் அரசுத் துறைக்குரிய செல்வாக்கைப் பெற்றுவிட்டது. இந்தியாவில் எங்கே தொலைநோக்கி நிறுவப்படவேண்டும் என்னும் வினா அதன் மேசைக்குச் சென்று சேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

ஆனால், அந்த வினாவை எழுப்பியது வானியல் ஆர்வம் மட்டுமன்று; பஞ்சமும் எழுப்பியது. 1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாயின் தென்பகுதிகளும் சூறையாடப்பட்டன. மடிந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நிவாரண வேலைகளில் கல்லுடைத்த ஏழைகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் அளவு குறைத்தபோது, சென்னையின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தெழுதினார். தானியம் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

அவ்வாண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்னும் அரசுப் புள்ளியியலார், சென்னை வானாய்வு நிலையத்தில் 1813 முதல் எழுதிவைக்கப்பட்டிருந்த மழைக்கணக்கை எடுத்து ஆராய்ந்தார். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ பதினோராண்டுக்கொருமுறை மிகுந்து குறைவதையும், அவை மிகக் குறையும் ஆண்டுகளை ஒட்டியே சென்னையில் மழையும் குறைவதையும் தாம் கண்டதாக எழுதினார். வானியலறிஞர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 1877-இல் வெளியிட்ட கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. சூரியனைப் படமெடுத்துக்கொண்டே வந்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்னும் நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. 1878 முதல் டேராடூனில் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பலாயினர்.

இந்நம்பிக்கைக்கு மறுப்பு இல்லாமற் போயிற்றா? இல்லை. அதே 1877-இல், அதே இராயல் கழகத்தின் முன்னிலையில், ஜெனரல் ரிச்சர்ட் ஸ்டிரேச்சி என்பார் ஒரு கட்டுரை வாசித்தளித்தார். சென்னையின் மழைக்கும் சூரியப் புள்ளிச் சுழற்சிக்கும் இருப்பதாகக் கூறப்படும் ஒற்றுமை, எண்களைக் கணித முறைப்படி சோதித்தால் நிலைநிற்பதில்லை என்பது அதன் சாரம். சிறியதோர் ஐயம் தெரிவித்த எவரோ ஒருவர் அல்லர் அவர். மறு ஆண்டில் அமைந்த பஞ்ச ஆணையத்திற்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் அவரே. அவ்வாணையத்தின் 1880-ஆம் ஆண்டு அறிக்கை வானிலைத் துறையை வலுப்படுத்துமாறு கூறிற்று. ஆக, சூரியனுக்கும் பஞ்சத்துக்கும் உள்ள உறவு ஐயத்துக்குரியது என்பது கழகத்தின் வெளியீட்டிலேயே அச்சாகியிருந்தது. எனினும் அந்த உறவின் பெயராலேயே தென்னிந்தியாவில் ஒரு சூரிய நிலையம் வேண்டுமென்னும் குரல் தொடர்ந்து வலுப்பெற்றது. குழுக்களில் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஒருமுறை எழுந்த நம்பிக்கை, அதற்கெதிரான சான்று கோப்பிலேயே இருந்தாலும், எளிதில் மறைவதில்லை.

சென்னையில் அப்பொழுது அரசு வானியலராக இருந்தவர் நார்மன் போக்ஸன். 1861 முதல் நுங்கம்பாக்கத்தில் உழைத்தவர். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே எழுப்பிய நிலையம், நகரத்தின் வெப்பத்திலும் தூசியிலும் நுட்பமான பணிக்குத் தகுதியற்றதாயிற்று. 1882 மே மாதத்தில் அவர், இருபது அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றைத் தென்னிந்திய மலையொன்றில் நிறுவவேண்டுமென்று விண்ணப்பித்தார். கோரிக்கை இரு நாடுகளிலும் ஆதரவு பெற்றது. எனினும் நிலையத்தை எங்கே அமைக்கலாம் என்று தேடுவதற்கு மட்டுமே அனுமதி கிடைத்தது.

அத்தேடலை மேற்கொண்டவர் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியராகிய அவர் 1883 முதல் 1885 வரை பழனிமலையிலும் நீலகிரியிலும் சுற்றி, பகலிலும் இரவிலும் வானம் எவ்வளவு தெளிவாயுள்ளது, தொலைநோக்கியில் பிம்பம் எவ்வளவு அசையாது நிற்கின்றது என்று சோதித்தார். அதே 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சாவகத்தையடுத்த கிரகதோவா எரிமலை வெடித்தது. செப்டம்பர் மாதத்தில் சென்னையிலும் தென்னாட்டின் பிற இடங்களிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியதை மக்கள் அச்சத்தோடு கண்டனர். மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைக் கருவி கொண்டு ஆராய்ந்து, எடின்பரோ அரசுக் கழகத்திற்கு எழுதியனுப்பினார். இலண்டன் கழகமோ 1884-இல் தனியொரு குழு அமைத்து, உலகெங்குமிருந்து செய்திகளைத் திரட்டி, 1888-இல் பெருநூலாக அறிக்கை வெளியிட்டது. மாலுமிகளும், பாதிரிமாரும், தோட்டக்காரரும், துறைமுக அலுவலரும் எழுதிய கடிதங்களை ஒழுங்குபடுத்தி ஓர் உண்மையை நிறுவும் வேலை அது. அக்கழகத்தின் அலுவல்முறை தன் சிறப்பைக் காட்டியது இத்தகைய பணிகளிலேயே என்பது நம் கருத்து.

மிச்சி ஸ்மித்தின் குடும்பம் இறையியல் பயிலும் நமக்கு அந்நியமன்று. ஸ்காட்லாந்தில் கீக் என்னும் சிற்றூரில் சுயாதீனத் திருச்சபையின் போதகராயிருந்த வில்லியம் பிரி ஸ்மித் அவர் தந்தை. பழைய ஏற்பாட்டு அறிஞர் வில்லியம் ராபர்ட்ஸன் ஸ்மித் அவர் தமையனார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 1875-இல் வெளிவந்த வேதாகமம் பற்றிய கட்டுரைக்காக விசாரிக்கப்பட்டு, 1881-இல் அபர்டீன் கல்லூரிப் பேராசிரியப் பதவியினின்று சபையின் பொதுப்பேரவையால் நீக்கப்பட்டவர் அவரே. நம் மாணவர் யாவரும் வேத ஆராய்ச்சியின் வரலாற்றில் படிக்கும் இப்பெயருக்கு மற்றொரு முகமும் உண்டு. அவர் இளமையில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் டெயிட் என்னும் பௌதிகப் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார். அந்த டெயிட் பின்னர் எடின்பரோ அரசுக் கழகத்தின் செயலரானார். கெல்வினுடன் சேர்ந்து நூலெழுதியவரும் அவரே. தமையனை ஒரு பேரவையின் வாக்கெடுப்பு பதவியிழக்கச் செய்தது. தம்பியின் மலைக்கு மற்றொரு குழுவின் தீர்மானம் பிற்காலத்தில் நிலையத்தைத் தந்தது. இரண்டிலும் எவர் எவரை அறிந்திருந்தனர் என்பது சிறு காரணமன்று.

கழகங்களின் வாயில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. போக்ஸனின் மகள் ஐசிஸ் 1873 முதல் நுங்கம்பாக்கம் நிலையத்தில் கணக்கீட்டாளராக மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் பணியாற்றினார். 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலை அறிக்கையாளராகவும் பொறுப்பேற்றார். 1886-இல் தந்தையார் அவர் பெயரை இலண்டன் இராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தார். கழகத்தார் வழக்கறிஞர்களைக் கலந்தனர். 1831-ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரை ஆண்பாற் சுட்டுப்பெயராலேயே குறிப்பதால் பெண்ணைச் சேர்ப்பது சட்டத்திற்கு முரண் என்று விடை வந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு சுட்டுப்பெயர் ஒருவருடைய பதின்மூன்றாண்டு உழைப்பை வெளியே நிறுத்திவிட்டது! 1916-இல்தான் அக்கழகம் பெண்களை ஏற்கத் தொடங்கியது. ஐசிஸ் 1920-இல் உறுப்பினரானார். மகளிர் குருத்துவத்தைக் குறித்து நம் சபைகளில் விதிநூலின் சொற்களைப் பிடித்துக்கொண்டு நடந்த வாதங்களைக் கேட்டவர்கள் இதனை வேற்று நாட்டுச் செய்தியாகக் கொள்ளமாட்டார்கள்.

அதே வாயிலில் ஒரு தமிழ்நாட்டு மனிதர் முன்னரே நுழைந்திருந்தார் என்பதையும் சொல்லுதல் முறை. சிந்தாமணி இரகுநாதாச்சாரி நுங்கம்பாக்கம் நிலையத்தின் முதல் உதவியாளர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-இல் இராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லும் நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்கும்பொருட்டு இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணிதத்தையும் புதிய வானியலையும் இணைக்க முயன்ற அவர் 1880-இல் மறைந்தார். மலைக்குச் செல்லும் திட்டத்தைக் காணவில்லை.

போக்ஸனும் காணவில்லை. 1891-இல் அவர் இறந்தபொழுது அவருடைய கோரிக்கைக்கு வயது ஒன்பது. பல்லாண்டுகளாக அவர் நோக்கியெழுதிய விண்மீன் அளவீடுகளில் ஒரு பகுதி அச்சேறாமலே கிடந்தது. அவற்றை வெளியிடும் பொறுப்பையும் சென்னை நிலையத்தையும் மிச்சி ஸ்மித் ஏற்றார். இரண்டாண்டுகள் கழித்துக் கெல்வின் தலைமையில் கூடிய குழு, தூசியற்ற உயரமும் தென்கோடி இருப்பும் கருதிக் கொடைக்கானலைத் தேர்ந்தது. மிச்சி ஸ்மித்தையே கண்காணிப்பாளராகவும் குறித்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் நாள் நிலையம் சென்னை அரசின் பொறுப்பிலிருந்து இந்திய அரசின் வானிலைத் துறைக்கு மாறிற்று. 1901-இல் நோக்குப்பணி தொடங்கிற்று. விண்ணப்பத்துக்கும் முதல் நோக்குக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்.

இவ்வாண்டுகளை இலண்டனின் தாமதம் என்று மட்டும் கூறிவிட இயலாது. மலையும் ஒரு காரணம். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த மிஷனெரிமார் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பும்பொருட்டு 1845-இல் இரு வீடுகள் கட்டியதே கொடைக்கானல் குடியிருப்பின் தொடக்கம். 1875-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சென்று, அங்கிருந்து செங்குத்தான நடைபாதையில் ஏறவேண்டும். துரைமாரும் துரைசானிமாரும் டோலியில் சென்றனர். வண்டிச்சாலை முழுமையடைந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். ஆகவே சென்னையிலிருந்து வந்த தொலைநோக்கிகளும், இரும்புத் தாங்கிகளும், 1904-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த சூரிய ஒளிப்படக் கருவியும் மனிதர் தோளேறியே ஏறத்தாழ 7,700 அடி உயரத்தை எட்டின. தீர்மானம் எழுதியவர் பெயர்கள் யாவும் நமக்குக் கிடைக்கின்றன. சுமந்தவர் பெயர் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பஞ்சத்தில் மாண்டவர்களும் இத்தகைய குடும்பங்களைச் சார்ந்தவர்களே என்பதை எண்ணும்போது, இந்த மௌனம் நம்மைச் சற்று உறுத்துகின்றது.

சரி, பஞ்சத்தை முன்னறிவிப்பதாகக் கூறிய வாக்குறுதி என்னவாயிற்று? 1904 முதல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், கொடைக்கானல் நிலையத்துக்கும் மேலதிகாரி. கணிதத்தில் வல்லவராகிய அவர் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையை மழையோடும் வெப்பத்தோடும் காற்றழுத்தத்தோடும் ஒப்பிட்டு, 1915-இல் முடிவுகளை வெளியிட்டார். உறவு மிக மெலிந்தது. அதனைக்கொண்டு பருவமழையை உரைக்க இயலாது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டிரேச்சி ஐயுற்றது சரியே என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் வாக்கர், பசிபிக் மாகடலின் மேலும் இந்துமாகடலின் மேலும் காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டு, பருவமழைக்கான திறவுகோல் அங்கேயுள்ளது என்று காட்டினார். விடை சூரியனில் இல்லை, கடலில் இருந்தது.

அப்படியாயின் கொடைக்கானலுக்குச் செலவிட்ட பணம் வீணா? இதற்கு விரைந்து விடை கூறுவோர் இரு சாராரும் உளர். பஞ்சத்தால் மடிந்தவர் பெயரால் கேட்கப்பட்ட நிலையம், அவர்தம் மக்களுக்கு ஒருபிடி தானியம் தரவில்லை என்பது உண்மை. 1877-இல் வேண்டியிருந்தது தொலைநோக்கியன்று. கார்னிஷ் கேட்ட கூடுதல் படி அரிசியே. வருவது மழையா வறட்சியா என்று அறியாததால் மட்டும் மக்கள் மடியவில்லை. தானியம் இருந்தும் வாங்கும் ஆற்றலின்றி மடிந்தனர். பஞ்சத்தைச் சூரியனின் தலைமேல் ஏற்றும் கொள்கை ஆட்சியாளர்க்கு எவ்வளவு வசதியாயிருந்தது என்பதை நாம் கூறாமல் விடுவதற்கில்லை.

எனினும் நிலையம் வேறொன்றைச் செய்தது. நாள்தோறும், வானம் தெளிந்த காலைதோறும், சூரியனை ஒரே முறையில் படமெடுத்து, தேதியிட்டு, பேழையில் அடுக்கிவைத்தது. வெண்ணொளிப் படங்கள் 1904 முதல் தொடர்ந்தன. அதன்பின் கால்சிய ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுக்கலாயினர். ஆண்டறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்னும் நிர்வாகக் கட்டாயமே இவ்வொழுங்கைக் காத்தது என்று நாம் எண்ணுகின்றோம். 1907 சனவரியில் வந்து சேர்ந்த எவர்ஷெட் அந்த ஒழுங்கைத் தளமாகக்கொண்டே தம் நுட்பமான ஆய்வை நடத்தினார், 1911-இல் தலைவரானார், 1915-இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவருடைய துணைவியார் மேரி, சூரியச் சுவாலைகளைப் பற்றிய பெருந்தொகுப்பைக் கணவரோடு சேர்ந்து 1917-இல் வெளியிட்டவர். தாந்தேயின் காவியத்திலுள்ள வானியலைப் பற்றி நூலெழுதியவரும் ஆவார். இராயல் கழகம் அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை; 1945 வரையிலும் அவ்வாறே.

படமெடுத்தும், கண்ணாடித் தகடுகளைக் கழுவியும், புள்ளிகளை அளந்தும், எண்களைச் சரிபார்த்தும் வந்த உதவியாளர் பெரும்பாலோர் இம்மாகாணத்தாரே. ஓர் இந்தியர், ஏ. எல். நாராயண், நிலையத்தின் தலைவரானது 1937-இல். இராயல் கழகத்தின் சான்றுத்தாளில் ஒரு தமிழரின் பெயர் ஏறியதோ அதற்கு முன்னரே. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கர், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனின் கணிதக் குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையடுத்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1918-இல் இராமானுஜன் இராயல் கழக உறுப்பினரானார். 1841-இல் சேர்ந்த பம்பாய்ப் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜிக்கு அடுத்து அங்கே இடம்பெற்ற இந்தியர் அவரே. கொடைக்கானலையும் மேற்பார்த்த அதே மேசையிலிருந்து புறப்பட்ட அக்கடிதம், நாம் அறிந்தவரையில் அத்துறை எழுதிய கடிதங்களுள் மிக மலிவானதும் மிகப் பயன் விளைத்ததும் ஆகும்.

மிச்சி ஸ்மித் 1911-இல் ஓய்வுபெற்ற பின்னரும் தாயகம் திரும்பாமல் கொடைக்கானலிலேயே தங்கி, 1922-இல் அங்கேயே காலமானார். நிலையம் 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட அதன் படத்தகடுகள் இப்பொழுது கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டுள்ளன. சூரியனின் நெடுங்கால மாற்றங்களை ஆராயும் அயல்நாட்டாரும் அவற்றையே நாடுகின்றனர். 1893-ஆம் ஆண்டுக் குழுவினர் எதிர்பார்த்த மழைக்குறி மட்டும் அத்தகடுகளில் இல்லை.